7 லிட்டருக்கு வெறும் 48 குதிரைத்திறனா? ரோல்ஸ்-ராய்ஸ் 40/50 எஞ்சின் ஏன் அப்படி இருந்தது

கேள்வி சுருக்கமாக இதுதான்: 1906-இல் அறிமுகமான ரோல்ஸ்-ராய்ஸ் 40/50 காரின் எஞ்சின் 7,036 சிசி. ஆனால் சக்தி 48 குதிரைத்திறன்தான். வால்வுகள் பக்கவாட்டில். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றவே முடியாது. ஆறு சிலிண்டரும் மூன்று மூன்றாக இரண்டு துண்டு. "உலகத்திலேயே சிறந்த கார்" என்று பெயர் வாங்கிய வண்டிக்கு இவ்வளவு மந்தமான எஞ்சினா? அன்றைக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்ததா, இல்லை வேண்டுமென்றே அப்படிச் செய்தார்களா?

பெரும்பாலும் வேண்டுமென்றேதான். கொஞ்சம் அன்றைய பெட்ரோலின் லட்சணம், கொஞ்சம் வார்ப்படப் பட்டறையின் எல்லை. ஆனால் முக்கியமான முடிவுகள் எல்லாம் தெரிந்தே எடுத்தவை.

முதலில் அந்தக் காரை வாங்கியவர் யார் என்று பார்க்க வேண்டும். அவர் ஓட்டவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்தார். ஓட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் இருந்தது. பின்சீட்டில் இருப்பவருக்குக் குதிரைத்திறன் தெரியாது. காலுக்கடியில் தரை அதிர்கிறதா, கியர் மாற்றும்போது பல்லைக் கடிப்பதுபோலச் சத்தம் வருகிறதா, நடுவழியில் வண்டி நின்று மானம் போகிறதா, இந்த மூன்றுதான் தெரியும். ஹென்றி ராய்ஸ் அந்த எஞ்சினில் செய்த ஒவ்வொன்றையும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடலாம்.

அதிர்விலிருந்து தொடங்குகிறேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கும். கணக்கு சரியாகிவிட்டது என்று தோன்றும், ஆனால் ஆகாது. பிஸ்டனைக் கிராங்கோடு (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் வளைந்த தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து போவதால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்பாதியில் மெதுவாகவும் நகர்கிறது. அந்த வித்தியாசம் மிச்சமாக நின்று, கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது எஞ்சினை இரண்டு முறை மேலும் கீழும் உதறும். சிறிய எஞ்சினில் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிஸ்டனும் சொம்பு அளவில் இருந்த அந்தக் காலத்தில் அது பல்லை ஆட்டும். ஆறு சிலிண்டரில் 1-6, 2-5, 3-4 என்று ஜோடி ஜோடியாகக் கண்ணாடிப் பிம்பம்போல அமைத்தால் இந்த உதறல் தானாகவே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அதோடு எப்போதும் ஏதாவது ஒரு பிஸ்டன் தள்ளிக்கொண்டே இருக்கும், இடைவெளி விழாது. பணக்காரக் காருக்கு ஆறு சிலிண்டர்தான் என்று இங்கிலாந்தில் முதலில் கூவி விற்றது நேப்பியர், 1904 வாக்கில்.

ஆனால் ஆறு சிலிண்டருக்கு ஒரு சாபம் இருந்தது. கிராங்க் நீளமாகிவிடும். நீளமான கிராங்க் முறுக்கிக்கொள்ளும்.

ஈரத் துணியைப் பிழியும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகுகிறோம் இல்லையா, அதுபோல. பின்முனையில் ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரம் இருக்கிறது, அது அசையாது. முன்முனையில் ஒன்றாம் சிலிண்டர் வெடிக்கும்போது கிராங்க் மயிரிழை அளவு முறுக்கி, விட்டதும் திரும்பி வருகிறது. ஒருமுறை என்றால் ஒன்றுமில்லை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் சின்னக் குழந்தை தட்டினாலும் உயரப் போகும். ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு; 1,250 சுற்றில் ஓடினால் நொடிக்கு அறுபதுக்கும் மேல் தட்டு. அந்தத் தாளமோ அதன் மடங்கு ஒன்றோ கிராங்கின் சொந்தத் தாளத்தோடு பொருந்திவிட்டால் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். முதலில் ஒரு கடகட சத்தம், அப்புறம் ஒருநாள் கிராங்க் இரண்டு துண்டு. நேப்பியரை விற்ற எட்ஜ் அந்தக் கடகடப்புக்கு "சக்தியின் சத்தம்" என்கிற பாணியில் பெயர் சூட்டி, அதையும் ஒரு பெருமைபோல விற்றார். விற்பனைக்காரர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. பல வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த பட்டறைக்கு ஆறு சிலிண்டர் டீசல் ஜெனரேட்டர் எஞ்சின் ஒன்று வந்தது. கிராங்க் முறிந்திருந்தது. முறிந்த முகம் நேராக இல்லை. அச்சுக்கு 45 பாகை சாய்வில், கரும்பை முறுக்கி ஒடித்ததுபோல் சுருண்டு இருந்தது. முறுக்கால் களைத்து முறிந்த இரும்பின் கையெழுத்து அது. முன்னால், முறுக்குத் துடிப்பை அடக்கும் டாம்பர் புல்லியைப் பார்த்தோம். நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் பிய்ந்திருந்தது போலிருக்கிறது, யாரோ ஒரு மகராசன் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் நான்கு இடத்தில் வெல்டிங் வைத்துக் கெட்டியாக்கியிருந்தார். "ஆடிக்கிட்டே இருந்துச்சு சார், அதான் பத்த வெச்சோம்" என்று கொண்டுவந்தவர் சொன்னார். ஆட வேண்டியதே அதுதான். அது ஆடாவிட்டால் கிராங்க் ஆடும்.

ராய்ஸும் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துத்தான் படித்தார். 40/50-க்கு முன்னால் 1905-இல் 30 குதிரைத்திறன் என்று ஓர் ஆறு சிலிண்டர் கார் செய்தார். சிலிண்டர்கள் இரண்டு இரண்டாக மூன்று வார்ப்பு. கிராங்க்குகள் முறிந்தன. நாற்பது கார்கூடச் செய்யாமல் அந்த மாடலை ஓரங்கட்டினார்கள். 40/50-ஐப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதை 30-இன் பிரேதப் பரிசோதனை அறிக்கையாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த அறிக்கையில் முதல் வரி: கிராங்கைத் தடியாக்கு. ஒரு தண்டின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். விட்டத்தைக் கால் பங்கு கூட்டினால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. எடை ஒன்றரை மடங்குதான் கூடும். இதைவிட மலிவான பேரம் எந்திரவியலில் அதிகம் கிடையாது. தடித்த கிராங்கின் சொந்தத் தாளம் மேலே ஏறிப்போய், எஞ்சின் வழக்கமாக ஓடும் வேகத்துக்கு வெளியே நின்றுகொள்ளும். எஞ்சினை வேகமாக ஓட்டாதே என்பது இதன் மறுபக்கம். 48 குதிரைத்திறன் 1,250 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது என்பதை இப்போது திரும்பப் பாருங்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, வேலி.

அடுத்தது ஏழு மெயின் பேரிங். ஒவ்வொரு கிராங்க் பின்னுக்கும் இரண்டு பக்கமும் தாங்கு. செலவைக் குறைக்க மூன்று அல்லது நான்கு பேரிங்கில் ஒப்பேற்றுவது சுலபம். ஆனால் தாங்கு இல்லாத இடத்தில் கிராங்க் வில்போல வளையும். ஏழு பேரிங்குக்கும் எண்ணெய் போக வேண்டும். அக்காலத்துப் பல எஞ்சின்களில் கனெக்டிங் ராடின் அடியில் கரண்டிபோல ஒன்று இருக்கும், அது தொட்டியில் இருக்கும் எண்ணெயை வாரி இறைக்கும். எங்கே விழுகிறதோ அங்கே விழட்டும் என்று விட்டுவிடுவார்கள். ராய்ஸ் பம்பு வைத்து, கிராங்கின் உள்ளே துளை போட்டு, அழுத்தத்தோடு எண்ணெயைப் பேரிங்குகளுக்குக் கொண்டுபோனார். தேய்மானம் குறைவது ஒரு பலன். இன்னொன்றை யாரும் அதிகம் சொல்வதில்லை: உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்கிற எண்ணெய்ப் படலம் மெத்தைபோல அடியை வாங்கிக்கொள்ளும். அதுவும் அமைதிக்குத்தான்.

அப்புறம் நீங்கள் கேட்ட மூன்று மூன்று. இன்றைக்கு ஆறு சிலிண்டரை ஒரே வார்ப்பில் எடுப்பது சாதாரணம். அன்றைக்கு மணல் அச்சுக்குள்ளே தண்ணீர் சுற்றுவதற்கான கரு ஒரு நூல் நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோகும். ஆறில் ஒன்று கெட்டால் ஆறும் உலைக்குத் திரும்பப் போக வேண்டும். இரண்டு இரண்டாக வார்த்தால் கழிவு குறையும், ஆனால் வார்ப்புகளுக்கு நடுவே இடம் விட வேண்டியிருப்பதால் கிராங்க் நீளும். மூன்று மூன்று என்பது நடுவில் கிடைத்த சமரசம். கிராங்கும் அதற்கேற்றாற்போல், மூன்று சிலிண்டர் எஞ்சின் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்ததுபோல் அமைந்தது.

பிற்பாடு கிராங்கின் முன்முனையில் ஒரு குட்டி ஃப்ளைவீலும் வந்து உட்கார்ந்தது. அது கிராங்கோடு இறுக்கிப் பூட்டியது இல்லை; உராய்வுத் தட்டுகள் நடுவே பிடித்து வைத்தது. கிராங்க் சீராகச் சுற்றினால் அதுவும் கூடச் சுற்றும். கிராங்க் துடித்தால் அது வழுக்கும். துடிப்பு சூடாக மாறிக் கரைந்துபோகும். இங்கிலாந்தின் இன்னொரு கார் வடிவமைப்பாளரான லான்செஸ்டரும் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக இதே யோசனைக்கு வந்து காப்புரிமை வாங்கினார். எங்கள் பட்டறைக்கு வந்த அந்த வெல்டிங் புல்லி இதன் கொள்ளுப்பேரன்.

சரி, சக்தி ஏன் குறைவு?

பிஸ்டன் கலவையை எவ்வளவு நெருக்குகிறது என்கிற அழுத்த விகிதம் 3.2-க்கு 1. இன்றைய பெட்ரோல் கார்களில் பத்துக்கு மேல். அன்றைய பெட்ரோலைக் கூடுதலாக அழுத்தினால் முறைகேடாக வெடித்துத் தட்டும். தட்டினால் சத்தம், பேரிங்குக்கும் கேடு. குறைந்த அழுத்தத்தில் எரிவது நிதானமாக எரியும், பிஸ்டன் தலையில் சுத்தியல் அடி விழாது, கையால் தள்ளுவதுபோல் இருக்கும். இன்னொன்றும் உண்டு: அப்போது ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. 7 லிட்டர் எஞ்சினை முன்னால் நின்று ஹேண்டில் போட்டு ஒரு மனிதன் சுற்ற வேண்டும்.

சிலசமயம் அதுகூட வேண்டியிருக்காது. சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு வரிசை மேக்னட்டோவுக்கு, இன்னொன்று பேட்டரியில் ஓடும் ட்ரெம்ப்ளர் காயிலுக்கு. மேக்னட்டோ சுற்றினால்தான் பொறி தரும். ட்ரெம்ப்ளர் நின்ற இடத்திலேயே படபடவென்று பொறி பறக்க விடும். எஞ்சினை அணைக்கும்போது சிலிண்டர்களில் கலவை மிச்சம் இருந்து, ஒரு பிஸ்டன் வேலை செய்யும் அடியில் வசதியாக நின்றிருந்தால் (ஆறு சிலிண்டரில் ஏதாவது ஒன்று நிற்கும்), டிரைவர் இறங்காமலே சுவிட்சைத் தட்டினால் போதும், பொறி பட்டு எஞ்சின் தானாக ஓட ஆரம்பித்துவிடும். கிளப் வாசலில் எஜமான் ஏறியதும், யாரும் ஹேண்டிலைத் தொடாமல், அது பாட்டுக்கு உயிர்பெறுவதைக் கற்பனை செய்து பாருங்கள். குறைந்த அழுத்தம் இல்லாமல் இந்த வித்தை நடக்காது.

பக்கவாட்டு வால்வு விவகாரம்தான் பலருக்கு உறுத்துகிறது. ராய்ஸின் முந்தைய கார்களில் கலவையை உள்ளே விடும் வால்வு மேலேயும் புகையை வெளியே விடும் வால்வு பக்கத்திலும் இருந்தன. அதை விட்டுவிட்டு 40/50-க்கு இரண்டையும் ஒரே பக்கம் கொண்டுவந்தார். பின்னோக்கிப் போனார் என்றே சொல்லலாம். ஆனால் மேலே வால்வு என்றால் புஷ்ராடு, ராக்கர் என்று நடுவில் நாலு மூட்டு. ஒவ்வொரு மூட்டும் ஒரு இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியும் ஒரு டக். பக்கவாட்டில் வைத்தால் வால்வைத் தள்ளும் புடைப்பான கேம், அதற்கு மேல் உருளை வைத்த டேப்பட், அதற்கு மேல் வால்வு, முடிந்தது. காற்று வளைந்து வளைந்து உள்ளே போக வேண்டியிருப்பதால் சக்தி குறையும். குறையட்டும் என்று விட்டார்.

ஹெட்டைக் கழற்ற முடியாததற்குக் காரணம் ஹெட் என்று தனியாக ஒன்று இல்லாததுதான். சிலிண்டரோடு சேர்ந்து ஒரே வார்ப்பு. கழற்றுகிற ஹெட் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டும் இல்லை, அது புகைந்து வண்டி நடுவழியில் நிற்பதும் இல்லை. வால்வை எடுத்துத் தேய்க்க ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் திருகி எடுக்கும் மூடி இருந்தது. மெக்கானிக்குக்கு இது இம்சை, ஒப்புக்கொள்கிறேன். கரியைச் சுரண்டச் சிலிண்டரையே தூக்க வேண்டும். ஆனால் மெக்கானிக்கின் வசதியைக் கேட்டு யாரும் அந்தக் காரை வடிவமைக்கவில்லை.

கியர் சத்தத்துக்கும் எஞ்சினிலேயே மருந்து இருந்தது. பெரிய கொள்ளளவு, குறைந்த வேகம், கனத்த இழுவை என்றால் கியர் மாற்றவே தேவையில்லை. நேரடி இணைப்பில் ஓடும் டாப் கியரில் பற்சக்கரப் பற்கள் வழியாகச் சக்தி போவதில்லை, அதனால் கியர்பாக்ஸ் ஊமை. 1911-இல் லண்டனிலிருந்து எடின்பரோ போய்த் திரும்ப, முழுவதும் டாப் கியரிலேயே ஓட்டிக் காட்டினார்கள். நேப்பியர் முதலில் செய்து சவால் விட்டது. ரோல்ஸ்-ராய்ஸ் அதைவிடக் குறைந்த பெட்ரோலில், கேலனுக்கு 24.32 மைல் கொடுத்து, பதில் சொன்னது. அதே வண்டி ப்ரூக்லண்ட்ஸ் தடத்தில் மணிக்கு 78 மைலைத் தொட்டது. ஓட்டியவர் எர்னெஸ்ட் ஹைவ்ஸ். பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே தலைவரானவர்.

இதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கை நாலரை அங்குலத்திலிருந்து நாலேமுக்காலாக நீட்டிக் கொள்ளளவை 7,428 சிசி ஆக்கியிருந்தார்கள். சிலிண்டர் விட்டத்தைத் தொடவில்லை. இங்கிலாந்தில் 1910 முதல் கார் வரி சிலிண்டர் விட்டத்தை வைத்துத்தான்: விட்டத்தின் வர்க்கத்தை சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி 2.5-ஆல் வகுக்க வேண்டும். நாலரை அங்குலம், ஆறு சிலிண்டர் என்றால் 48.6. ஸ்ட்ரோக் எவ்வளவு நீண்டாலும் அதே 48.6. இந்த வாய்பாடு பிரிட்டிஷ் எஞ்சின்களைப் பல வருடம் ஒல்லியும் நெட்டையுமாக வளர்த்தது. ஆனால் 985 பவுன் கொடுத்து வெறும் சேசிஸ் வாங்கி, அப்புறம் தனியாகப் பாடி கட்டுகிறவர் வரிக்குப் பயந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. நீண்ட ஸ்ட்ரோக் தாழ்ந்த வேகத்தில் இழுவை தருகிறது என்பதே போதுமான காரணம்.

இவ்வளவும் பலித்ததா என்றால், 1907-ஐப் பார்க்க வேண்டும். வெள்ளி வண்ணம் அடித்து "சில்வர் கோஸ்ட்" என்று பெயர் வைத்த ஒரு 40/50-ஐ ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் 15,000 மைல் ஓட்டினார்கள். 629-வது மைலில் பெட்ரோல் குழாய்த் திருகு அதிர்வில் தானாக மூடிக்கொண்டு எஞ்சின் நின்றது. அதற்கப்புறம் 14,371 மைல் எதிர்பாராத நிறுத்தமே இல்லை. முடிந்ததும் பிரித்துப் பார்த்து, புதிதுபோல் ஆக்க ஆன பாகச் செலவு 2 பவுன் 2 ஷில்லிங் 7 பென்ஸ். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்தக் குழாய்த் திருகுதான். அதிர்வே இல்லாத கார் என்று பேர், நின்றதோ அதிர்வால்.

எல்லாரும் ராய்ஸ் வழியில் போகவில்லை. அரச குடும்பத்துக்குக் கார் கொடுத்துக்கொண்டிருந்த டெய்ம்லர், வால்வு சத்தம் போடுகிறதா, வால்வையே எடுத்துவிடு என்று கிளம்பியது. அமெரிக்கரான சார்லஸ் நைட்டின் யோசனை: பிஸ்டனைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழல்கள் மேலும் கீழும் வழுக்கும், குழல்களில் இருக்கும் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக வரும்போது வாயில் திறக்கும். ஸ்ப்ரிங் இல்லை, டக் டக் இல்லை. 1909-இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் இரண்டு நைட் எஞ்சின்களை மேடையில் 132 மணி நேரம் ஓட்டி, அப்புறம் காரில் பூட்டி ப்ரூக்லண்ட்ஸில் 2,000 மைல் ஓட்டி, திரும்ப மேடையில் ஏற்றிச் சோதித்தது. அந்தக் கிளப் கொடுக்கும் டூவர் கோப்பை டெய்ம்லருக்கே. சாதாரண வால்வு கரி பிடித்தால் கெடும். இது கரி பிடிக்கப் பிடிக்க இன்னும் நன்றாக அடைத்துக்கொண்டு ஓடியது. விலை என்ன என்றால், இரண்டு குழல்களுக்கும் எண்ணெய் ஊட்ட வேண்டும், அந்த எண்ணெய் எரிந்து பின்னால் நீலப் புகையாகப் போகும். ஊர்வலத்தில் மன்னரின் காருக்குப் பின்னால் வருபவர்களின் கதி அதுதான். 1930-களில் டெய்ம்லரே அதைக் கைவிட்டது. அழகான முட்டுச்சந்து.

கேடிலாக் 1914-இல் வேறொரு கணக்குப் போட்டது. நீளமான கிராங்க் முறுக்குகிறது என்றால் தடியாக்குவானேன், குட்டையாக்கு. நாலு நாலாக இரண்டு வரிசை, வி-8, 5.1 லிட்டர், 70 குதிரைத்திறன், மூன்றே மெயின் பேரிங். ஆனால் கிராங்க் தட்டையான ஒரே தளத்தில் இருந்ததால் நான்கு சிலிண்டரின் பழைய உதறல் திரும்பி வந்தது, இந்த முறை பக்கவாட்டில். 1923-இல் கிராங்க் பின்களை 90 பாகை திருப்பி வைத்து எதிரெடை சேர்த்த பிறகுதான் அது அடங்கியது. பேக்கர்ட் 1915-இலேயே ஒரு படி மேலே போய் வி-12 செய்துவிட்டது: இரண்டு நேர் ஆறு சேர்ந்தது, உதறல் என்ற பேச்சே இல்லை. அமெரிக்கர்கள் இதையெல்லாம் ராய்ஸ் கேட்ட விலையின் ஒரு பகுதிக்கு விற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"அவர்களுக்குத் தெரியாதா" என்று கேட்டீர்கள். முதல் உலகப்போரின்போது 1915-இல் ராய்ஸ் வடிவமைத்த ஈகிள் விமான எஞ்சினில் பன்னிரண்டு சிலிண்டர், வால்வுகள் மேலே, அவற்றை இயக்கும் கேம் ஷாஃப்ட்டும் மேலேயே. அதாவது மேலே கேம் வைப்பது எப்படி என்று அவருக்கு நன்றாகவே தெரியும். போர் முடிந்து 1919-இல் ஹிஸ்பானோ-சுய்ஸாவின் மார்க் பிர்கிட் தன் விமான எஞ்சின் அறிவை அப்படியே காருக்குள் இறக்கி, அலுமினியச் சிலிண்டரும் மேல் கேமும் வைத்த எச்-6 காரைப் பாரிஸில் காட்டினார். தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ராய்ஸ் அசையவில்லை. 40/50 அதே பக்கவாட்டு வால்வோடு 1925 வரை இங்கிலாந்தில் விற்றது. அதன் வாரிசான ஃபேண்டமில்தான் வால்வுகள் மேலே ஏறின. அப்போதும் கேம் கீழேயே இருந்தது. மேலே கொண்டுபோனால் அதைச் சுற்ற ஒரு நீண்ட பற்சக்கர வரிசை வேண்டும், அது பாடும். ஆகாயத்தில் பாடினால் யாருக்கும் கேட்காது. ஹிஸ்பானோவிடமிருந்து அவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான்: பிரேக்.